புளி போட்டு விளக்கிய வண்டிச் சாமான்

கருமத்தம்பட்டியில் வெள்ளியங்கிரி வீட்டுக்குப் போகிறவர்கள் நாற்காலியில் மெதுவாகத்தான் உட்காருவார்கள். நாற்காலி ஆடிவிட்டால் வந்த காரியம் கெட்டது. பேசிக்கொண்டிருக்கிற மனுசர் அப்படியே எழுந்து உள்ளே போய் அரத்தை எடுத்துவருவார். வந்தவரை எழுப்பி நிறுத்திவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, எந்தக் கால் நீளம் என்று கண்டுபிடித்து ராவ ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் தாம்பாளத்தைக் கையில் பிடித்தபடி கால் மணி நேரம் நின்றார்கள்.

ஆடுகிற எதையும் அவரால் பொறுக்க முடியாது. கதவுக் கீல், கரண்டிக் காம்பு, டவுன் பஸ் ஜன்னல், எதுவானாலும் சரி. ஐ.டி.ஐ. முடித்த கையோடு பீளமேட்டில் பம்பு செட் செய்கிற கம்பெனி ஒன்றில் டர்னராகச் சேர்ந்தார். இருபத்திரண்டு வருசமாக அதே லேத்து. ஆட்டம் இல்லாமல் கடைவதுதான் வேலை. அந்த வேலையை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார் என்பதுதான் அவர் மனைவி ராசாத்தாளின் குறை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அது தெரிந்துபோயிற்று. பலகாரத் தட்டு வைத்த முக்காலி ஆடியது. மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கவில்லை, முக்காலியைத்தான் பார்த்தார். செய்தித்தாளைக் கிழித்து நாலாக மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்து, ஆட்டிப் பார்த்து, திருப்தியான பிறகுதான் நிமிர்ந்தார். அதற்குள் பெண் உள்ளே போய்விட்டது. "அன்னிக்கே ரோசனை பண்ணியிருக்கோணும்" என்று ராசாத்தாள் இன்றைக்கும் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்குப் போய், அந்த வட்டாரத்திலேயே அதிகமாக ஆடுகிற கார் வந்து வாய்த்தது.

அது ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். ஸ்பிட்ஃபயர் என்று பேர். அவினாசி ரோட்டில் ஒரு மில் முதலாளியின் சின்ன மகன் இங்கிலாந்தில் படிக்கப் போன இடத்தில் வாங்கி, கப்பலில் கொண்டுவந்தது. சிவப்பு நிறம், மேலே துணிக் கூரை, இடுப்பு உயரம். அந்த மகன் திரும்ப வெளிநாடு போய் அங்கேயே தங்கிவிட்டான். காருக்குள் இருபது வருசம் கோழி அடைந்தது. பங்களாவில் கிணற்று மோட்டார் மக்கர் செய்யும்போதெல்லாம் வெள்ளியங்கிரிதான் போவார். போகிறபோதெல்லாம் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வருவார். தொண்ணூறாம் வருசம் ஒரு நாள் முதலாளியே, "எடுத்துட்டுப் போறதுன்னா போங்க, இடமாச்சும் காலியாகும்" என்று சொல்லிவிட்டார். டிராக்டர் பின்னால் கயிறு கட்டி ஊருக்கு இழுத்து வந்தபோது, பார்த்தவர்கள் அதற்குச் செவப்புத் தவளை என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் நின்றுவிட்டது.

இன்ஜினைச் சரிசெய்ய நாலு வருசம். எல்லாமே ஞாயிற்றுக்கிழமைதான். தொண்ணூற்று நாலு பொங்கலுக்கு வண்டியை முதல் தடவையாக ரோட்டில் ஏற்றினார். இருபது மைல் வேகம் வரைக்கும் பூ மாதிரி போனது. முப்பதைத் தொட்டதும் சாமி வந்துவிட்டது. முன் சக்கரம் ரெண்டும் படபடவென்று அடித்துக்கொள்ள, ஸ்டியரிங் அவர் கையை உதறிவிட்டு ஆடியது. ஓரம் கட்டி நிறுத்தி இறங்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டொக், டொக். அந்தச் சத்தம் அவருக்குப் பல்லைப் பிடுங்கிய மாதிரி இருந்தது.

கோளாறு எங்கே என்று அவருக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. அந்த வண்டியில் முன் சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்தான இரும்பு ஒன்று உண்டு. அதன் அடிப்பாகத்தில் மரை போட்டிருக்கும். அது ஒரு பித்தளைக் கிண்ணத்துக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கிண்ணத்துக்கு டிரன்னியன் என்று பேர். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது இரும்பு அந்த மரையிலேயே திரும்பும். அதற்குள் கியர் ஆயில் ஊற்ற வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் இறங்காது. பங்களா டிரைவர் யாரோ நல்ல மனசோடு வருசக்கணக்கில் கிரீஸாக அடித்துத் தள்ளியிருந்தார். மேலே கெட்டிக் கிரீஸ், உள்ளே துரு. மரை தேய்ந்து கூழாகிவிட்டது.

சரி, கழற்றி மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தார். அங்கேதான் சனி பிடித்தது.

கிண்ணத்தை, சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற கீழ்க்கையோடு சேர்த்துப் பிடித்திருந்த நீளப் போல்ட் வரமாட்டேன் என்றது. ஒரு ஞாயிறு முழுக்க மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். அடுத்த ஞாயிறு சூடு காட்டினார். மூன்றாவது ஞாயிறு சுத்தியலால் அடித்து, போல்ட்டின் தலைதான் பறந்தது. ராசாத்தாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தப் போல்ட்டோட பேச்சுவார்த்தை முடிஞ்சுதுங்களா?" என்று கேட்பார். நாலாவது ஞாயிறு அதை ரம்பத்தால் அறுத்து எடுத்தார். அப்புறம் ஸ்பிரிங். ரெண்டு தகடும் நாலு நீளக் கம்பியும் வைத்துத் தானே ஒரு கருவி செய்து ஸ்பிரிங்கை அமுக்கினார். தகடு வழுக்கியது. ஸ்பிரிங் எகிறிப் போய், வண்டி நின்ற கொட்டாயின் சிமெண்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஓட்டை வழியாக மழை ஒழுகியது.

ஒரு பக்கத்தைக் கழற்றவே ஏழு ஞாயிறு போயிற்று. இன்னொரு பக்கமும் அதே மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துத் தயாரானார். அது அஞ்சே நிமிசத்தில் கழன்று வந்தது. அதற்கும் அவருக்குக் கோபம்தான் வந்தது. "இத மொதல்லயே கழட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சாமானுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைக்குப் போனார். அங்கே ரசாக் பாய் அவருக்குப் பழக்கம். இந்தியாவில் ஓடிய ஹெரால்டு காரின் முன்பக்கமும் இந்த ஸ்பிட்ஃபயரின் முன்பக்கமும் ஒரே குடும்பம். அது வெள்ளியங்கிரிக்குத் தெரியும்.

"வாங்ணா. உங்க மூஞ்சியப் பாத்தாவே தெரியுது. ஊர்ல இல்லாத சாமானத்தான் கேக்கப் போறீங்க."

"ஹெரால்டு முன்பக்கம் இருக்குதா பாய்?"

"முந்தாநேத்துத்தானுங்ணா ஒரு முழு வண்டிய உடைச்சு உருக்கறதுக்கு அனுப்பிப்போட்டேன்."

"அட, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"என்னன்னுங்ணா சொல்றது? வெள்ளிங்கிரி அண்ணன் தவளைக்குக் கால் தேடறாருன்னு எனக்குக் கனவா வருது?"

அதற்குப் பிறகு அஞ்சு தடவை நடந்தார். அஞ்சாவது தடவை ரெண்டு செங்குத்து இரும்பும் கிடைத்தன. வயசான டாக்டர் ஒருவரின் ஹெரால்டிலிருந்து வந்தவை. டாக்டர் ஒழுங்காக ஆயில் ஊற்றியிருந்தார்; மரை புதுசு போல இருந்தது. கிண்ணங்கள் மட்டும் தேய்ந்திருந்தன. "கிண்ணத்த நானே கடஞ்சுக்கறேன்" என்று இரும்பை மட்டும் துண்டில் சுற்றிக்கொண்டு காந்திபுரம் வந்து பஸ் ஏறினார். மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

இந்த நிலைமையில்தான் தொண்ணூற்று ஐந்து ஆவணியில் ராசாத்தாளின் தம்பி மோகன்குமார் ஒரு சேதியோடு வந்தான். பல்லடத்தில் ஒருத்தர் தறியை நிறுத்துகிறார், நல்ல நிலைமையில் எட்டுத் தறி வருகிறது, அக்காவும் தானுமாகப் பங்குக்குப் போட்டு ஓட்டலாம், இடம் மட்டும்தான் வேண்டும் என்றான்.

"எடத்துக்கா பஞ்சம்? அந்தத் தவளை படுத்துட்டிருக்கற கொட்டாய், எட்டுத் தறிக்குன்னே அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்குதுங்க மாமா."

"அதுல வண்டி நிக்குது மாப்ள."

"அஞ்சு வருசமா நிக்குது. அதத்தானுங்க நானும் சொல்றேன்."

ராசாத்தாள் பதினைந்து வருசமாக அடுத்தவர் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்தத் தறி என்பது அவர் வாய்விட்டுக் கேட்காத ஆசை. அன்றைக்குத்தான் கேட்டார்.

"எனக்கு வண்டி மேல ஒண்ணும் வர்மம் இல்லீங்க. ஓடற வண்டின்னா வாசல்ல வேப்பமரத்தடியில நிக்கட்டும். தகரக் கூரை போட்டுக்கலாம். ஆனா ஓடாத கடிகாரமும் ஓடாத வண்டியும் ஊட்ல இருக்கப்படாதுங்க. விஜயதசமிக்குத் தறி எறங்குது. அன்னிக்கிப் பொழுதோட அது தன்னால கொட்டாய உட்டு வெளிய வந்து, அவினாசி ரோட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வரோணும். இல்லீன்னா பாய்கிட்டச் சொல்லித் தாட்டி உட்டுருங்க."

மோகன்குமார் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் வெள்ளியங்கிரியைக் குத்திவிட்டது.

"வல்லீன்னா நானே பாய் லாரியில ஏத்தி உடறேன்" என்று சொல்லிப்போட்டார். அடுத்த ஞாயிறு ரசாக்கிடமும் போய், விஜயதசமி அன்றைக்குச் சாயங்காலம் லாரியோடு வரச் சொல்லிவிட்டு வந்தார். பேச்சு மாறுகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அடுத்த ஆறு வாரம் அவர் உழைத்த மாதிரி கம்பெனிக்குக்கூட உழைத்ததில்லை. கீழ்க்கை மேல்கை எல்லாவற்றுக்கும் புது ரப்பர் புஷ்ஷைச் சோப்புத் தண்ணீர் தடவி, வைஸில் வைத்து அமுக்கி ஏற்றினார். ஸ்பிரிங்கை அடக்கிப் பூட்டினார். மேல் மூட்டு ரெண்டும் மாற்றினார். கடைசியாகத்தான் அந்தக் கிண்ணங்களைத் தொட்டார். தெரிந்த பவுண்டரியில் கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் வார்த்து வாங்கி, மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேத்தில் பிடித்துக் கடைந்தார். சோற்றுத் தூக்குப்போசி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வரும்.

இந்தக் கிண்ணங்களில் ஒரு சூட்சுமம் உண்டு. வலது சக்கரத்துக்கு வலது மரை. இடது சக்கரத்துக்கு இடது மரை, அதாவது மற்றப் போல்ட் நட்டெல்லாம் எந்தப் பக்கம் திருகினால் இறுகுமோ, அதற்கு எதிர்ப்பக்கம். வெளியே இருந்து பார்த்தால் ரெண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒன்று போலவே இருக்கும். ஆணியால் தட்டி ஆளுக்கு ஒரு புள்ளி வைத்திருந்தால் முடிந்தது. ஆனால் வெள்ளியங்கிரிக்கு மனசு வரவில்லை. அவ்வளவு வழவழப்பாகக் கடைந்த உடம்பில் ஆணியை வைத்து அடிப்பதா? அதற்குப் பதிலாகக் காகிதத் துண்டில் 'இ' என்றும் 'வ' என்றும் எழுதி, பாவு நூலால் கழுத்தில் கட்டிவிட்டார். ஆயுத பூசைக்கு முந்தின நாள், ரெண்டையும் கொட்டாயில் ஒரு தட்டத்தில் வைத்துத் துணி போட்டு மூடினார். பாக்கி இருந்தது இவ்வளவுதான்: கிண்ணத்தில் இரும்பைத் திருகி, வண்டியில் பூட்டி, சக்கரம் மாட்ட வேண்டும். விஜயதசமி லீவு. ஒரு பகல் தாராளமாகப் போதும்.

ஆயுத பூசை அன்றைக்குக் கம்பெனியில் பூசை முடிய நேரமாகிவிட்டது. பொரி கடலைப் பையோடு பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது வீட்டில் பூசையே முடிந்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அரிவாள், சுத்தியல், ஸ்பேனர், ராசாத்தாளின் தார் சுற்றுகிற ராட்டை, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். நடுவில் தங்கம் போல என்னமோ மின்னியது. கிட்டே போய்ப் பார்த்தார். அவருடைய கிண்ணம். குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று, நெற்றியில் மூன்று பட்டையும் ஒரு பொட்டுமாக உட்கார்ந்திருந்தது. இன்னொன்று விளக்குக்குப் பின்னால், ஒரு செவ்வந்திப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு இருந்தது.

"ராசாத்தி... என்ன இது?"

"நல்லாருக்குதுங்களா? கம்பெனியில உங்க லேத்துக்குப் பொட்டு வெக்கறாங்க. நம்மூட்டுச் சாமானுக்கு யாரு வெப்பா? ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. புளி போட்டு, தேங்கா நாருல நல்லா உள்ள விட்டு விளக்கினேன். கையே கடுத்துப் போச்சு."

"சீட்டு எங்க?"

"எந்தச் சீட்டுங்க?"

"கழுத்துல நூல்ல கட்டியிருந்தனே!"

"அந்த அழுக்குத் தாளுங்களா? அடுப்புல போட்டுட்டேன்."

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். நோம்பி நாளில், எரிகிற விளக்கு முன்னால் என்னத்தைச் சொல்வது? "ரெண்டும் வேற வேற, ராசாத்தி. எது இடது, எது வலதுன்னு இப்ப எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் குரலை அடக்கிக்கொண்டு.

"ரெண்டும் ஒண்ணாட்டந்தானுங்க இருக்குது" என்றார் ராசாத்தாள். சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு விளக்குத் திரியைத் தூண்டினார்.

எடுத்துத் திருகிப் பார்க்கலாம் என்று அவர் கை கிண்ணத்தை நோக்கிப் போனது. ராசாத்தாள் பதறிவிட்டார். "ஐயோ, தொடாதீங்க! பூசையில வெச்சத நாளைக்கிக் காலையில மறுபூசை முடிஞ்சுதான் எடுக்கோணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கண் முன்னால் நாலடி தூரத்தில் சாமான் இருக்கிறது, கை வைக்க முடியாது. பொரியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, கோபத்தோடு மென்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபூசை. கற்பூரம் அணைகிறதுக்குள் ரெண்டு கிண்ணத்தையும் வாரிக்கொண்டு கொட்டாய்க்கு ஓடினார். மண்ணெண்ணெய் விட்டுப் பொட்டைக் கழுவினார். மரைக்குள் புளிச் சக்கை. ஊசியால் நோண்டி நோண்டி எடுத்தார். நாரு வேறு இழை இழையாகச் சிக்கியிருந்தது. இதற்குள் மோகன்குமார் வந்து, தறி இறங்குகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறேன் என்று காரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"என்னுங்க மாமா, சாமானம் புளிக்கொழம்பு வாசம் அடிக்குது?"

வெள்ளியங்கிரி கிண்ணங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கிண்ணத்தின் விளிம்பில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. உளி பட்ட தடம். இடதைக் கடையும்போதுதான் கை நழுவியது என்று அவருக்கு நல்ல ஞாபகம். 'நான் கடைஞ்சது எனக்குத் தெரியாதா?' என்று அதை எடுத்து இடது இரும்பில் வைத்துத் திருகினார். கால் சுற்றுப் போய் இறுகியது. புளி நாராக இருக்கும் என்று கழற்றி, மறுபடி கழுவி, மறுபடி திருகினார். மறுபடி இறுகியது. இன்னொன்றை வைத்துப் பார்க்கத் தன்மானம் விடவில்லை.

"பல்லடத்துல தறிய லாரியில ஏத்தறாங்களாம் மாமா. போன் வந்துச்சு" என்றான் மோகன்குமார்.

"வரட்டும்!"

"வரட்டும்னுதானுங்க நானும் சொல்றேன். நீங்க ஏன் கத்தறீங்க?"

அந்த எரிச்சலில் இருபத்திரண்டு வருச டர்னர் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தார். கிண்ணத்தை வைஸில் பிடித்து, இரும்பில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். உடனே கையை எடுத்துவிட்டார். கழற்றிப் பார்த்தார். முதல் மரையின் வாய் நசுங்கி மடங்கியிருந்தது. எத்தனை மத்தியானம் சோறு தின்னாமல் கடைந்த மரை! ஸ்பேனரை எடுத்துச் சுவரில் வீசினார். அது போய்த் தகர டப்பாவில் விழுந்து ஊருக்கே கேட்டது.

சத்தம் கேட்டு ராசாத்தாள் ஓடி வந்தார். புருசன் தரையில் உட்கார்ந்து மண்டையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதையும் பார்த்தார். "டேய், உனக்கு வேற வேல இல்ல? போய் லாரி வருதான்னு பாரு போ" என்று அவனை விரட்டினார். அவன் போன பிறகு, புருசன் பக்கத்தில் குந்தி, கிசுகிசு என்று சொன்னார்:

"நா ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

"சொல்லு."

"அதுல ஒண்ண நீங்க தப்பாக் கடஞ்சுபோட்டீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து நாரு உட்டு விளக்கறப்பவே தெரிஞ்சுதுங்க. ஒண்ணுல வலப்பக்கமாத் திருப்புனா நாரு உள்ள போச்சு. இன்னொண்ணுல அப்பிடித் திருப்புனா நாரு வெளிய வந்துருச்சு. நூல்ல வலமுறுக்கு இடமுறுக்குன்னு இல்லீங்களா, அந்த மாதிரி, ஒண்ணு முறுக்கு மாறி இருந்துச்சு. ஊரே உங்களக் கைசுத்தமான வேலக்காரர்ங்குது. பூசைக்கு நாலு பேரு வருவாங்க, பாத்தா என்ன நெனப்பாங்க? அதான் அந்தத் தப்பான ஒண்ண வெளக்குக்குப் பின்னால வெச்சுப் பூவப் போட்டு மறைச்சேன். உங்ககிட்டச் சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி முழுக்க எது எது என்று தெரியாமல் புரண்டு படுத்தார். பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் மனசு நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்!

"அட ராசாத்தி, அது தப்பில்ல! ஒண்ணு அப்பிடித்தான் இருக்கோணும்!"

"அப்படிங்களா? அத நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"நீ சொல்லியிருக்கலாமுல்ல?"

"எப்படிங்க சொல்றது? உங்க வேலையில குத்தம் சொன்னா நீங்க ரெண்டு நாளைக்கி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க."

ராசாத்தாள் ஒரு கயிற்றுப் பிரியிலிருந்து நாரைப் பிய்த்து, உருட்டி, ஒரு கிண்ணத்துக்குள் விட்டுத் திருப்பினார். உள்ளே இறங்கியது. இன்னொன்றில் விட்டுத் திருப்பினார். மெல்ல வெளியே வந்தது. "இதுதானுங்க அது" என்று நீட்டினார். இடது. உளித்தடம் இருந்தது வலதில். அவர் ஞாபகம்தான் பொய் சொல்லியிருந்தது.

நசுங்கின மரையை முக்கோண அரத்தால் மயிரிழை மயிரிழையாக ராவினார். பத்தரை மணிக்கு ஆரம்பித்தது பன்னிரண்டுக்கு முடிந்தது. ராசாத்தாள் ஊசியால் தூளை எடுத்துக்கொடுத்தார். இடது கிண்ணம் இடது இரும்பில் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. வலதும் அந்த ராவின இடத்தில் மட்டும் ஒரு முனகல் முனகிவிட்டு இறங்கியது. அடி வரைக்கும் திருகி, ஒரு சுற்றுப் பின்வாங்கி, நீளப் போல்ட்டைப் போட்டுப் பூட்டினார். கியர் ஆயிலை மேல் விளிம்பில் கசிகிற வரைக்கும் ஏற்றினார். சோறு கொட்டாய்க்கே வந்தது. எண்ணெய்க் கையைக் காட்டினார். ராசாத்தாள் முறைத்துக்கொண்டே உருட்டி வாயில் கொடுத்தார்.

நாலு மணிக்குத் தறி லாரி வந்தது. அப்போது ஒரு சக்கரம்தான் மாட்டியிருந்தது. அஞ்சே காலுக்கு ரசாக்கின் லாரி வந்து அதன் பின்னால் நின்றது.

"ஏத்தலாமுங்ளாண்ணா?"

"பொறு பாய்!"

"நான் பொறுக்கறேனுங்ணா. நீங்கதான வரச் சொன்னீங்க?" என்று ரசாக் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த பொரியைத் தின்ன ஆரம்பித்தார்.

ரெண்டாவது சக்கரமும் ஏறியது. ஜாக்கியை இறக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சத்தமே இல்லை. இந்தப் பக்கமும் இல்லை. ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒடித்தார். எங்கேயும் பிடிக்கவில்லை. ராசாத்தாள் நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். முதல் தடவை இன்ஜின் இருமிவிட்டு நின்றது. மோகன்குமார் ரசாக்கைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். ரெண்டாவது தடவை பிடித்துக்கொண்டது.

இருப்பது ரெண்டே சீட்டு. "சாட்சிக்கு நான் வாரேன் மாமா" என்று மோகன்குமார் கதவில் கை வைத்தான்.

"எடு கைய. நா வாரேன்" என்றார் ராசாத்தாள். அஞ்சு வருசத்தில் ஒரு நாள்கூட அந்த வண்டியில் உட்காராதவர். சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இறங்கி உட்கார்ந்தார்.

நாலு எலுமிச்சம்பழமும் நசுங்க, வண்டி கொட்டாயை விட்டு வெளியே வந்தது. அவினாசி ரோட்டில் ஏறியது. பத்து மைல். இருபது மைல். வெள்ளியங்கிரி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். இருபத்தஞ்சு. பல்லைக் கடித்தார். முப்பது. முப்பத்தஞ்சு. எதிரே வந்த டவுன் பஸ்ஸில் இருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். நாற்பது.

"எப்பங்க ஆடும்?" என்று கேட்டார் ராசாத்தாள், காற்றில் பறக்கிற முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

"இனி ஆடாது."

"அப்புறம் எதுக்குப் பல்ல இந்தக் கடி கடிக்கறீங்க?"

திரும்பி வந்தபோது கொட்டாய்க்குள் ரெண்டு தறி இறங்கியிருந்தது. வண்டி வேப்பமரத்தடியில் போய் நின்றது. ரசாக் எழுந்து, சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "என் ஹெரால்டு இரும்பு நல்லாத்தான் வேல செய்யுதுங்ணா" என்று பெருமை எல்லாவற்றையும் தனக்கே எடுத்துக்கொண்டு, தேய்ந்த பழைய சாமானையும் ஒரு பை பொரியையும் லாரியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மோகன்குமார் தறியைப் பார்க்கப் போய்விட்டான்.

ராசாத்தாள் தறிக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தபோது, வெள்ளியங்கிரியின் கால் ரெண்டும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. டங், டங் என்று சத்தம்.

"அதுக்குள்ள மறுபடி என்னுங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு ரெண்டு புள்ளி. ஆணியால தட்டிட்டிருக்கறேன்."

"எதுக்குங்க?"

"அடுத்த வருசம் நீ புளி போட்டு விளக்குவியே, அதுக்குத்தான்."